நூறு எம்பிபிஎஸ்ஸும் எட்டாம் வாய்ப்பாடும்

மக்களே, ஒரு சின்ன சோதனை. ஒரு பேப்பர் எடுத்து "எம்பிபிஎஸ்"னு தமிழ்ல எழுதுங்க. இப்ப அதை வீட்ல இருக்கவங்ககிட்ட காட்டி என்னான்னு கேளுங்க. அம்மா "டாக்டர் படிப்பு"ன்னு சொல்வாங்க. தம்பி "நெட் ஸ்பீடு"ன்னு சொல்வான். நம்மளை மாதிரி பொட்டி தட்டுற ஜென்மம் யாராவது பக்கத்துல இருந்தா "எந்த பி? சின்ன பியா, பெரிய பியா?"ன்னு கேட்டு உயிரை வாங்கும்.

மூணாவது ஆளு கேக்குறதுதான் சரியான கேள்வி. இங்கிலீஷ்ல சின்ன பி போட்டா பிட், பெரிய பி போட்டா பைட். 8 பிட் சேர்ந்தா 1 பைட். நம்ம தமிழ்ல சின்ன எழுத்து, பெரிய எழுத்துன்ற சங்கதியே கிடையாது. அதனால எட்டு மடங்கு வித்தியாசமுள்ள ரெண்டு விஷயம், டாக்டர் படிப்பையும் சேத்தா மூணு விஷயம், தமிழ்ல ஒரே மாதிரி எழுதப்பட்டு ஒரே மாதிரி வாசிக்கப்படுது. இங்கிலீஷ்ல மட்டும் என்ன வாழுதாம், வாயால சொன்னா அங்கயும் ஒண்ணுதான். கஸ்டமர் கேர்ல யாரும் "பெரிய பி"ன்னு சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. இணைய இணைப்பு விக்கிறவங்க விளம்பரத்துலயும் பில்லுலயும் வேகத்தை பைட் கணக்குலயும் சேத்துப் போடணும். அதுவும் தமிழ்ல, முழுசா, "செகண்டுக்கு 12.5 மெகாபைட்"னு. இதைச் சொன்னா நம்ம பொறியாளர் நண்பர்கள் சிரிக்கிறாங்க. "எட்டால வகுக்கத் தெரியாதா?"ங்கிறாங்க. வகுக்கத் தெரியும் சாமி. வகுக்கணும்னே தெரியாதுங்கிறதுதான் பிரச்சினை.

உங்க பில்லை எடுத்துப் பாருங்க. வேகம்: 100 எம்பிபிஎஸ். இது பிட். அதுக்குக் கீழயே கோட்டா: மாசத்துக்கு இத்தனை ஜிபி. இது பைட். ஒரே பில்லு, ஒரே பொருள், ரெண்டு அலகு. நகைக்கடைல பவுனும் கிராமும் இருக்க மாதிரின்னு வெச்சுக்கங்க. 1 பவுனுக்கு 8 கிராம், 1 பைட்டுக்கு 8 பிட். கணக்கு அச்சு அசல் அதே எட்டாம் வாய்ப்பாடு! ஆனா நகைக்கடைக்காரர் போர்டுல என்ன பண்றாரு? "1 கிராம் இவ்வளவு, 1 பவுன் இவ்வளவு"ன்னு ரெண்டையும் எழுதி வெக்கிறாரு. தினசரி பேப்பர்லயும் ரெண்டும் வருது. ரெண்டாங்கிளாஸ் படிச்ச அப்பத்தாவும் அதைப் பாத்துக் கணக்குப் போட்டு வாங்கிட்டு வருது. "கிராம்தான் சர்வதேச அலகு, பவுனுக்கு நீங்களே பெருக்கிக்குங்க"ன்னு எந்தக் கடைக்காரராவது சொன்னா அடுத்த கடைக்குப் போயிருவோம்ல?

சரி, இதனால யாருக்கு என்ன நட்டம்னு கேக்கலாம். எங்க தெருமுனைல ஒரு ஸ்டூடியோ இருக்கு. கல்யாண வீடியோ எடுக்குற அண்ணன். போன தை மாசம் மதுரைல காலைல முகூர்த்தம், மறுநாள் சாயங்காலம் கோயம்புத்தூர்ல மாப்பிள்ளை வீட்டு ரிசப்ஷன். அந்த ரிசப்ஷன்ல பெரிய எல்இடி திரைல கல்யாண ஹைலைட்ஸ் ஓட்டணும்னு பேச்சு. எடிட்டிங் பண்றவரு கோயம்புத்தூர்ல இருக்காரு. 4கே-ல எடுத்த மொத்த ஃபுட்டேஜ் 180 ஜிபி. வழக்கமா அண்ணன் ஹார்ட் டிஸ்க்கை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல கோயம்புத்தூர் பஸ் ஏறுற பையன்கிட்ட குடுத்து அனுப்புவாரு. இந்தத் தடவை புதுசா ஃபைபர் லைன் போட்ருக்காரே, 100 எம்பிபிஎஸ்! செகண்டுக்கு 100 எம்பின்னா 180 ஜிபி 1,800 செகண்டு, அரை மணி நேரம். எதுக்கு பஸ்ஸுன்னு சாயங்காலம் 6 மணிக்கு அப்லோடு போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

உண்மையான கணக்கு இது. 180 ஜிபியை எட்டால பெருக்கினா 14,40,000 மெகாபிட். 100-ஆல வகுத்தா 14,400 செகண்டு, அதாவது 4 மணி நேரம். இதுவே எட்டு மடங்கு. அதுக்கு மேல, அந்த இணைப்புல 100-ங்கிறது இறக்குறதுக்கு மட்டும்தான், ஏத்துறதுக்கு 30-தான். அது பில்லுல எங்கயும் இல்லை. 30-ன்னா 48,000 செகண்டு. 13 மணி 20 நிமிஷம்!

ராத்திரி 10 மணிக்குப் பாத்தா 30 சதவீதம்தான் போயிருக்கு. பதறிப்போய் 10:30 பஸ்ல ஆளு அனுப்பி, டிஸ்க் போய்ச் சேரும்போது விடியக்காலம் நாலரை. எடிட்டருக்குப் பாதி நாள் காலி. ரிசப்ஷன்ல ஓடினது மூணு நிமிஷத் துண்டு. பேசின காசுல 5,000 ரூபாயைப் பொண்ணு வீட்ல கழிச்சுட்டாங்க. மறுநாள் பில்லைத் தூக்கிட்டு என்கிட்ட வந்து, "தம்பி, நூறுன்னு போட்ருக்காய்ங்களே, நூறு எங்கடா?"ன்னாரு. கஸ்டமர் கேர்ல கேட்டதுக்கு "எங்க பக்கம் நூறு வருது சார்"னு சொன்னாங்களாம். அவங்க பொய் சொல்லலை, அதான் கொடுமை.

இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. அந்த 180 ஜிபியை ஆறு மணிக்கே பஸ்ல குடுத்திருந்தா ராத்திரி 12 மணிக்கு கோயம்புத்தூர். ஆறு மணி நேரத்துல 180 ஜிபின்னா ஆரப்பாளையம் பஸ்ஸோட வேகம் செகண்டுக்கு 66 மெகாபிட்! அதே பைக்குள்ள 1 டிபி டிஸ்க் வெச்சா 370 மெகாபிட். டிரைவர் டீ குடிக்க வாடிப்பட்டில நிறுத்தினாலும் ஃபைபர் தோத்துரும் :-) (டிஸ்க்ல காப்பி பண்ற நேரம் தனி. யூஎஸ்பி 2.0-வுக்கு 480 எம்பிபிஎஸ்னு பேரு. எட்டால வகுத்தா 60 மெகாபைட், நிஜத்துல முப்பது சொச்சம். 1 டிபி ஏத்த எட்டரை மணி நேரம் ஆகும், அதுக்குள்ள பஸ் போயிட்டு பாதி தூரம் திரும்பியே வந்துரும்.)

பிட் கணக்கு ஏன் வந்துச்சு? ஏமாத்துறதுக்குன்னு வரலை, அதை ஒத்துக்கணும். தொலைத்தொடர்புக்காரங்களுக்குக் கம்பியில ஒண்ணு பின்னால ஒண்ணா போற பிட்தான் கண்ணுக்குத் தெரியுது. தந்தி காலத்துலேருந்து அப்படித்தான். பைட்டுங்கிற வார்த்தையே 1956-ல ஐபிஎம்ல வெர்னர் புக்ஹோல்ஸ் வெச்சது. அப்பக்கூட அது எட்டு பிட்தான்னு நிலையா இல்லை. 1964-ல ஐபிஎம் சிஸ்டம்/360 வந்தப்புறம்தான் எட்டுங்கிறது ஊரறிஞ்ச விஷயமாச்சு. அதனால தொலைத்தொடர்புக்காரங்க பைட்டை நம்பலை, இன்னைக்கும் அவங்க தர ஆவணங்கள்ல ஆக்டெட்னுதான் எழுதுவாங்க.

போன்ல நம்ம குரலை எடுத்துக்குங்க. செகண்டுக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டா எழுதினா 64,000 பிட். அதான் 64 கேபிபிஎஸ். அந்த மாதிரி 32 வாய்க்கால் சேந்தா 2,048 கேபிபிஎஸ், அதான் இந்தியாவுலயும் ஐரோப்பாவுலயும் புழங்குற இ1 லைன். (அமெரிக்காவுல 24 வாய்க்கால், 1.544 மெகாபிட், டி1.) இதுல 2048-ஐப் பாத்ததும் நம்மாளு "ஆகா, ரெண்டின் அடுக்கு, அப்ப கிலோன்னா 1024"னு குதிப்பான். இல்லை. 20,48,000 பிட், சுத்தமான ஆயிரம் கணக்கு. தொலைத்தொடர்புல கிலோன்னா எப்பவும் ஆயிரம்தான்.

சேமிப்பு ஆளுங்க பக்கம் கதை வேற. அங்க பைட்தான் ராஜா, ஆனா கிலோன்னா என்னாங்கிறதுல குடும்பச் சண்டை. ரேம் செய்றவனுக்கு 1024, ஹார்ட் டிஸ்க் விக்கிறவனுக்கு 1000. 1 டிபி டிஸ்க் வாங்கி விண்டோஸ்ல மாட்டினா 931 ஜிபின்னு காட்டுதுல்ல, அது இந்தச் சண்டைதான். விண்டோஸ் 1024-ஆல வகுத்துட்டு ஜிபின்னே எழுதுது. ஆப்பிள் 2009-ல ஆயிரத்துக்கு மாறிடுச்சு. அமெரிக்காவுல வெஸ்டர்ன் டிஜிட்டல் மேலயும் சீகேட் மேலயும் கேஸே போட்டாங்க. 2006-லயும் 2007-லயும் சமரசமா முடிஞ்சுது.

ஆனா எனக்குப் பிடிச்ச கூத்து ஃப்ளாப்பிதான். 1.44 எம்பி ஃப்ளாப்பியில இருக்கது 14,74,560 பைட். ஆயிரம் கணக்குல 1.47, 1024 கணக்குல 1.41. அப்ப 1.44 எங்கேருந்து வந்துச்சு? 1000-ஐ 1024-ஆல பெருக்கி அதை ஒரு எம்பின்னு வெச்சுட்டாங்க! ஒரு கால் ஆத்துல, ஒரு கால் சேத்துல. அது உலகம் பூரா பெட்டி மேல அச்சாகி வித்துச்சு, யாரும் கேக்கலை.

சிடி டிரைவுக்கு இன்னும் மோசம், அலகே கிடையாது, "52 எக்ஸ்"னு போடுவாங்க. 1 எக்ஸ்னா செகண்டுக்கு 1,53,600 பைட், பிட்ல சொன்னா 1.23 மெகாபிட். இதை எதுக்குச் சொல்றேன்னா, நம்ம அரசாங்கம் 2004 அக்டோபர்ல பிராட்பேண்ட் கொள்கை கொண்டுவந்தப்ப, "குறைஞ்சது 256 கேபிபிஎஸ் இருந்தா அது பிராட்பேண்ட்"னு வரையறை வெச்சுது. பைட்ல 32 கிலோபைட். அதாவது இருக்கதுலயே மெதுவான சிடி டிரைவோட வேகத்துல அஞ்சுல ஒரு பங்கு. போன் வாய்க்கால் கணக்குல பாத்தா, நாலு பேரு போன் பேசுற அளவு. "அகண்ட அலைவரிசை"ன்னு நாம அழகா தமிழ்ப்படுத்தினது இதைத்தான்.

அந்த 32-ம் முழுசா வராது. அப்ப தொலைபேசிக் கம்பில வந்த லைன்ல 53 பைட் பொட்டலத்துல 5 பைட் முகவரிக்கே போயிரும், மிச்சம் 48. அதுக்கு மேல மத்த தலைப்புச் சமாச்சாரம். கடைசில 28 வந்தா சந்தோஷம். எங்க பெரியப்பா மகன் அண்ணன் பிஎஸ்என்எல் ஹோம் 500 வெச்சிருந்தாரு. அதுல ராத்திரி 2 மணிலேருந்து காலைல 8 வரைக்கும் எவ்வளவு இறக்கினாலும் கணக்குல வராது. அவரு 2 மணிக்கு அலாரம் வெச்சு எந்திரிச்சு டவுன்லோடு போட்டுட்டுத் திரும்பப் படுப்பாரு. நான் அப்ப ஸ்கூல். "எத்தனை மணிக்கு முடியும்"னு அவரு நோட்டுல கணக்குப் போட்டுட்டு இருந்தது நல்லா ஞாபகம் இருக்கு, எட்டாம் வாய்ப்பாடு அவருக்கு அத்துப்படி. வேகம் கம்மியா இருந்ததால அந்தத் தலைமுறை கணக்குப் போட்டுச்சு. இப்ப யாரும் போடுறதில்லை.

வரையறை 2013-ல 512 கேபிபிஎஸ் ஆச்சு. அப்புறம் 2023 ஜனவரில 2 எம்பிபிஎஸ். பைட்ல சொன்னா 32 கிலோபைட், 64 கிலோபைட், 250 கிலோபைட். பத்தொம்பது வருஷப் பயணம்! அமெரிக்காவுல 2015-ல 25 மெகாபிட்னு வெச்சு, 2024-ல 100-ஆ ஆக்கிட்டாங்க. நம்ம 2-ஐயும் அவங்க 100-ஐயும் ஒப்பிட்டுப் புலம்புறது இந்தப் பதிவோட வேலை இல்லை. ஆனா "அரசு வரையறை: செகண்டுக்கு கால் மெகாபைட்"னு எழுதியிருந்தா அந்த எண்ணோட லட்சணம் யாருக்கும் உடனே புரிஞ்சிருக்கும். 2 எம்பிபிஎஸ்னு சொல்லும்போது செகண்டுக்கு ஒரு பாட்டே இறங்குற மாதிரி ஒரு மயக்கம் வருது பாருங்க.

மாத்திக் கணக்குப் போட்டா நல்ல விஷயமும் தெரியும். கொரோனா காலத்துல, 2021 ஜனவரிலேருந்து ஏப்ரல் வரைக்கும் தமிழ்நாட்டு அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி இலவச டேட்டா கார்டு குடுத்துச்சு. "2 ஜிபி எந்த மூலைக்கு"ன்னு அப்ப நிறைய பேர் கேட்டாங்க. ஆன்லைன் வகுப்பு வீடியோவுக்கு செகண்டுக்கு 1 மெகாபிட்னு வெச்சுக்குங்க. 2 ஜிபின்னா 16,000 மெகாபிட், 16,000 செகண்டு, 4 மணி 26 நிமிஷம். ஒரு நாள் வகுப்புக்குச் சரியா வருது. எட்டால பெருக்கத் தெரிஞ்ச புண்ணியவான் யாரோ கோப்புல கணக்குப் போட்டிருக்கணும்னு நான் நினைச்சுக்கிட்டேன். அரசியல்ல யாரைத் திட்டினாலும் இந்தக் கணக்கைத் திட்ட மாட்டேன்.

அதே கணக்கை மொபைல் திட்டத்துக்குப் போட்டா கண்ணு கலங்குது. தினம் 1.5 ஜிபி, 4ஜி வேகம். 40 மெகாபிட் கிடைச்சா அந்த 1.5 ஜிபி சரியா 5 நிமிஷத்துல காலி. முடிஞ்சதும் "அன்லிமிடெட்" தொடரும், 64 கேபிபிஎஸ்ல. 64-னு பாத்தா எண்ணு கொஞ்சம் பெருசாத்தான் தெரியுது. எட்டால வகுங்க: செகண்டுக்கு 8 கிலோபைட். ஒரு 2 எம்பி பிடிஎஃப், வாத்தியார் அனுப்புன நோட்ஸ்னு வெச்சுக்குங்க, இறங்க 4 நிமிஷத்துக்கு மேல. வகுப்பு வீடியோவைப் பத்திப் பேசவே வேண்டாம். "கோட்டா முடிஞ்சா 8 கிலோபைட்"னு விளம்பரத்துல போட்டா எவன் அன்லிமிடெட்னு நம்புவான்?

எங்க ஏரியாக்காரனுக்குப் பிட்டைப் பத்திப் புதுசா யாரும் சொல்லித்தர வேண்டாம்ங்க. புட்டுத்தோப்பு ஆரப்பாளையத்துலதான் இருக்கு. ஆவணி மூலத்துக்குச் சொக்கநாதர் பிட்டுக்கு மண் சுமக்க வர்றது இங்கதான். அந்தக் கதைலயும் வந்திக் கிழவிகிட்ட கூலி பேசும்போது "உதிர்ந்த பிட்டு மட்டும் எனக்கு"ன்னு என்ன கணக்குங்கிறதைத் தெளிவா பேசிட்டுத்தான் வேலையில எறங்குறாரு. அப்புறம் அத்தனை பிட்டும் உதிர்ந்து போச்சுங்கிறது வேற விஷயம். கடவுளே விதிமுறைகளை முன்கூட்டியே சொல்லிட்டாரு, இவங்களுக்கு என்ன?

இப்ப எதிர்வாதம். ஆபீஸ்ல இதைப் பேசினப்ப என் டீம்ல ஒருத்தர் சொன்னாரு, "பைட்ல போட்டா அதுவும் பொய்தான்டா, 100-ல 12.5 கிடைக்காது"ன்னு. வாஸ்தவம். சாதாரண ஈதர்நெட் கம்பில 1,538 பைட் போனா அதுல நம்ம சரக்கு 1,460 தான், மிச்சம் முகவரி, தலைப்பு, இடைவெளி. 95 சதவீதம். அப்ப 11.8 மெகாபைட். வைஃபைல இன்னும் அடி வாங்கும். சரி, "அதிகபட்சம்"னு போடட்டுமே. இப்ப பிட் கணக்குக்கும் அதைத்தானே போடுறாங்க? கைக்கு ஒரு சுலபக் கணக்கு வேணும்னா எட்டால வகுக்காதீங்க, பத்தால வகுங்க. 100-னா 10 மெகாபைட். கொஞ்சம் கம்மியா வரும், ஆனா அந்த ஸ்டூடியோ அண்ணன் மாதிரி ஏமாந்து நிக்க மாட்டீங்க.

இன்னொரு வாதம், "உலகம் பூரா பிட்லதான் போடுறாங்க". ரூட்டர் மேல, சுவிட்ச் மேல, டெண்டர்ல பிட் இருக்கட்டும். சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட்ல திறந்தப்ப சென்னை–போர்ட்பிளேர் தடத்துக்கு 400 ஜிகாபிட்னு சொன்னாங்க, அங்க அதுதான் சரி, அதைப் படிச்சு வேலை செய்றவங்க பொறியாளருங்க. எங்க தெருமுனை அண்ணன் கையில வர்ற காகிதம் வேற. பெட்ரோல் பங்க்ல சந்தேகம் வந்தா 5 லிட்டர் அளவைக் கேன்ல ஊத்திக் காட்டச் சொல்லி நாம கேக்கலாம். அது மாதிரி இணையத்துக்கு டிராயோட மைஸ்பீட் செயலி இருக்கு, அளந்து பாக்கலாம். ஆனா அதுவும் எம்பிபிஎஸ்ல காட்டுது. அளவைக் கேனும் கடைக்காரர் பாஷைலயே பேசுது!

டிராய்க்கு எழுதிப் போட்டா என்ன ஆகும்னு தெரியலை. ஆனா கலந்தாய்வு அறிக்கை வெளியிடும்போதெல்லாம் யாரு வேணா கருத்து அனுப்பலாம்னு இருக்குல்ல, நான் மூணு வரி கேக்கப் போறேன். ஒண்ணு, வேகம் எங்க வந்தாலும் பிட்டுக்குப் பக்கத்துல பைட். ரெண்டு, இறக்குற வேகமும் ஏத்துற வேகமும் தனித்தனியா, ஒரே அளவு எழுத்துல. மூணு, கோட்டா முடிஞ்சப்புறம் என்ன வேகம்ங்கிறது பைட்ல. தமிழ்நாட்டுல விக்கிறதா இருந்தா தமிழ்ல, "பிட்", "பைட்"னு முழுசா. கையெழுத்துப் போட விருப்பம் இருக்கவங்க பின்னூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க, வரைவை அனுப்புறேன்.

டிஸ்கி: 1024-க்குத் தனிப்பேரு இருக்கேன்னு பின்னூட்டத்துல யாராவது கிளம்பி வருவீங்கன்னு தெரியும். ஆமா, 1998-லயே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் "கிபிபைட்"னு பேரு வெச்சுட்டாங்க. அதை நம்ம ஸ்டூடியோ அண்ணன்கிட்ட சொல்லிப் பாத்தேன். "கி.பி.ன்னா கிறிஸ்துவுக்குப் பின்னடா, இது எத்தனையாவது வருஷத்து பைட்டு?"ன்னு கேட்டாரு. அதோட விட்டுட்டேன்.